வளைகாப்பு வீட்டில் உரக்கப் பேசியவர்

என் எழுபத்திரண்டு வயதில், நானே எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்ட முதல் சாவுச் செய்தி செண்பகம் சிஸ்டருடையது.

அதற்கு முன் எல்லாச் சாவுகளையும் யாராவது வாயால் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். வாயால் சொல்கிறவர் முதலில் செருமுவார். "உட்காருங்க" என்பார். அதற்குள் நமக்குப் பாதி புரிந்துவிடும். எழுத்துக்கு அந்த இரக்கம் இல்லை. வண்டி ஓட்டுவதை விட்டு மூன்று வருடம் ஆகியும், காலையில் பூனா நகரத்துக் கட்கி பஜார் ரிக்‌ஷா ஸ்டாண்டில் போய் உட்காரும் பழக்கம் என்னை விடவில்லை. அன்றும் அங்கேதான் இருந்தேன். பகல் பதினோரு மணி இருக்கும். நம் தமிழ்ச் சங்கத்து வாட்ஸாப்பில் ஏதோ வந்தது. புதிதாகப் படிக்கத் தெரிந்தவனுக்கு எந்த எழுத்தைப் பார்த்தாலும் ஆசை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பலகாரம் தின்பதுபோல ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். 'செண்பகம்' என்று வந்ததும், தெரிந்த பெயர் என்று மகிழ்ந்தேன். 'சிஸ்டர்' என்று வந்ததும் இன்னும் மகிழ்ச்சி. மூன்றாவது சொல் 'காலமானார்'. அந்தச் சொல்லை அதற்கு முன் நான் படித்ததில்லை. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். புரிந்தபோது யாரோ எனக்கு டீ க்ளாஸை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கை நீட்டவில்லை.

அடுத்து எனக்கு வந்த நினைப்பு சிஸ்டரைப் பற்றியது அல்ல. அதை மறைக்கப்போவதில்லை. என் பேத்தி கவிதாவுக்கு அப்போது எட்டாவது மாதம் முடிகிற நேரம். அவளைப் பெற்ற அன்றே அவள் அம்மா, என் மகள் செல்வி, இறந்துபோனாள். கவிதா ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் வாராவாரம் கசார்வாடியில் அவள் புகுந்த வீட்டுக்குப் போய் அவள் கையைப் பிடித்துப் பார்த்தவர் சிஸ்டர். இறப்பதற்கு நாலு நாளைக்கு முன் என்னிடம் சொன்னார்: "இப்ப நல்லாத்தான் இருக்கா, அண்ணாச்சி. ஒன்பதுலதான் எனக்குப் பயம். அம்மாக்காரிக்கு வந்தது மகளுக்கும் வரலாம். நான் பார்த்துக்கிடுதேன்."

பார்த்துக்கிடுதேன் என்று சொன்னவர் போய்விட்டார். ஒன்பதாம் மாதம் வந்துகொண்டிருந்தது.

சிஸ்டரைப் பற்றி எழுத நம் சங்கத்தில் படித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் ஒரு நாளைக்கு அரைப் பக்கம் எழுதினால் அதிகம். ஆனால் அவரைப் பற்றி எனக்கு மட்டுமே தெரிந்தது ஒன்று இருக்கிறது. அதை நானே, என் கையால் எழுதவேண்டும். எழுத முடிகிறது என்பதே எனக்கு இன்னும் அதிசயமாக இருக்கிறது. மாரியப்பன் எழுதுகிறான், நீங்கள் படிக்கிறீர்கள்!

சிஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அரசாங்க நர்ஸாகக் கட்கிக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதைப் படிக்கும் உங்களில் எத்தனையோ பேரை முதலில் தொட்ட கை அவருடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே என் ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமை கசார்வாடியில் பட்டறைத் தொழிலாளிகளின் குடியிருப்பு. வெள்ளிக்கிழமை சாகண். அங்கே புதிய தொழிற்சாலைகளுக்குக் கட்டடம் கட்ட வருகிற பெண்கள், தகரக் கொட்டகைகளில், வயிற்றில் பிள்ளையோடு செங்கல் சுமந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ஆஸ்பத்திரியும் தெரியாது, ஊர்ப் பாஷையும் தெரியாது. சிஸ்டரிடம் ஒரு துணிப் பை. அதில் பிரஷர் பார்க்கும் கருவி, இரும்புச் சத்து மாத்திரை, ஒரு சின்ன ஸ்பிரிட் விளக்கு, ஒரு கண்ணாடிக் குழாய்.

ஆனால் பையைத் திறப்பதற்கு முன் அவர் வேறொன்று செய்வார். பெண்ணின் கையைப் பிடித்து, அவள் போட்டிருக்கும் வளையல்களை மேலே தள்ளுவார். வளையல் முழங்கைப் பக்கம் ஓடினால் சிரிப்பார். மணிக்கட்டிலேயே நின்றுவிட்டால் பேச்சு நின்றுவிடும்.

"பிரஷரை நான் வாரத்துக்கு ஒருக்கத்தான் பார்க்கேன்" என்று அவர்களிடம் சொல்வார். "வளையல் தினமும் உன் கையிலயே கெடக்கு. குளிக்கும்போது ஒருக்க மேல தள்ளிப் பாரு, ஏட்டி. ஓடலைன்னா எனக்குச் சொல்லி விடு. அண்ணாச்சி ரிக்‌ஷாவைக் கொண்டாந்திருவாரு."

நான் வாசலில் நின்று தலையாட்டுவேன்.

சாகணில் ஒரு வெள்ளிக்கிழமை முனியம்மா என்று ஒருத்தி. கள்ளக்குறிச்சிப் பக்கம். எட்டு மாதம். இரண்டு நாளாகத் தலைவலி என்றாள். "கண்ணுல பூச்சி பறக்குது அக்கா" என்று சொல்லிச் சிரித்தாள். சிஸ்டர் சிரிக்கவில்லை. வளையல் அசையவில்லை. பிரஷர் பார்த்தார். பிறகு அவளுடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, விளக்கில் மேல் பாகத்தைக் காய்ச்சினார். சுற்றி நின்ற பெண்கள் ஏதோ வேடிக்கை என்று எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர்போல இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கி, கஞ்சிபோல வெள்ளையாகத் திரண்டது. கலங்கினால் ஆபத்து என்பது அவர்கள் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

வேலைக்கு ஆள் கூட்டி வருகிற மேஸ்திரி மராட்டிக்காரர். "உத்யா பகூ, மாவ்ஷி" என்றார். நாளைக்குப் பார்க்கலாம், சித்தி என்று பொருள். இன்று கான்கிரீட் போடுகிற நாள், ஒரு ஆளையும் விட முடியாது என்றார். சிஸ்டர் அந்தக் குழாயை அவர் மூக்குக்கு நேரே பிடித்தார். தன் திருநெல்வேலி மராட்டியில், "இது நாளைக்கு வரைக்கும் காத்துக்கிட்டிருக்கும்னு எழுதி எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடு" என்றார். மேஸ்திரி விலகிக்கொண்டார்.

"அடுப்புல சோறு கெடக்குதே அக்கா" என்றாள் முனியம்மா.

"அதை உம் புருஷன் எறக்குவான். ஏறுட்டி வண்டியில."

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் போசரி தாண்டும்போது அவளுக்கு வலிப்பு வந்தது. எனக்குப் பின்னால் வளையல்கள் கம்பியில் மோதுகிற சத்தம் கேட்டது. "திரும்பிப் பார்க்காதீய, ஓட்டுங்க" என்றார் சிஸ்டர். அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டே வந்தார். முனியம்மா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. சிஸ்டரைக் கட்கிக்குத் திரும்பக் கூட்டி வந்தேன். இறங்கும்போது சொன்னார்: "பிள்ளைத்தாச்சிக்கு நாளைன்னு ஒரு நாள் கெடையாது, அண்ணாச்சி."

அதை அவர் அடிக்கடி சொல்வார். நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்டு எரிச்சல்பட்டும் இருப்பீர்கள்.

ஏனென்றால் சிஸ்டர் அதைச் சொல்கிற இடம் அப்படி. வளைகாப்பு வீட்டில், பூவும் சந்தனமும் பாயசமுமாக எல்லோரும் நிறைந்திருக்கும்போது, மனையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கையைப் பிடித்துப் பார்த்து, உரக்கச் சொல்வார்: "கை வீங்கியிருக்கு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்." கசார்வாடியில் ஒரு வீட்டில் பெண்ணின் அத்தை சண்டைக்கு வந்துவிட்டார். அவர் எங்கள் வேலூர்ப் பக்கம்.

"இன்னா சிஸ்டர், நல்ல காரியம் நடக்கற வூட்ல வந்து எழவு பேசற? நாக்குல சனி குந்தினு கீதா?"

"எழவு வரக்கூடாதுன்னுதான் பேசுதேன், மதினி."

"பொண்ணு பயந்துட்டா யாரு ஜவாப்தாரி?"

"பயப்படட்டும். பயந்தவ வண்டியில ஏறுவா. பாயசத்தை மூடி வையுங்க, வந்து குடிச்சிக்கிடலாம்."

அதற்கப்புறம் பல வீடுகளில் வளைகாப்பு நாளைச் சிஸ்டருக்குத் தெரியாமல் மறைத்தார்கள். "மாரி, அந்தம்மா காதுல போட்டுடாத" என்று என்னிடம் சொல்லி வைப்பார்கள். நான் அன்றைக்கே போட்டுவிடுவேன். அவர் அழைக்காமலே போய் வாசலில் செருப்பைக் கழற்றுவார். 'அபசகுன சிஸ்டர்' என்று அவருக்குப் பெயர் வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன்.

அவர் ஏன் அப்படி ஆனார் என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை. அவர் முன்பு அப்படி இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் அவர் குரல் பக்கத்து ஆளுக்கே கேட்காது. அவரை அப்படி ஆக்கியது என் வீட்டு வளைகாப்பு.

இருபத்து மூன்று வருடம் ஆகிறது. கட்கியில் எங்கள் ஒற்றை அறையில், செல்விக்கு ஒன்பதாம் மாத வளைகாப்பு. எங்கள் வீட்டு வழக்கம் ஒன்பதில்தான். சிஸ்டரை நான்தான் போய் அழைத்தேன். பெண்கள் ஒவ்வொருவராக வளையல் போட்டார்கள். வளையல் ஏறவில்லை. "நல்லா பூசினாப்ல ஆயிட்டா, பொறக்கப்போறது பொண்ணுதான்" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். "சோப்பு கொண்டாங்கடி" என்றாள் இன்னொருத்தி. சோப்புத் தண்ணீர் தடவி வளையலை ஏற்றினார்கள். சிஸ்டர் தன் முறைக்கு ஒரு ஜோடி போட்டுவிட்டு, செல்வியின் கையைச் சற்று நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்புறத்தில் ஏதோ எழுதி, நாலாக மடித்து, என் புதுச் சட்டைப் பையில் வைத்தார்.

"அண்ணாச்சி, படிச்சிட்டு அதுபடி செய்யுங்க. நல்ல நாளு, பிள்ளை முன்னால பேச வேண்டாம்" என்றார் மெதுவாக.

"ஆகட்டும் சிஸ்டர்" என்றேன்.

எனக்குப் படிக்கத் தெரியாது. அது யாருக்கும் தெரியாது. ஸ்டாண்டில் நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மீட்டர் எண்கள் தெரியும், அது போதும் என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது. செல்வி மராட்டிப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். அவள் அம்மாவும் என்னைப்போலத்தான். தமிழ் வீடு என்று நம்பி சிஸ்டர் தமிழில் எழுதிக் கொடுத்தார். அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

எல்லோரும் போனபிறகு செல்வி கேட்டாள். "சிஸ்டர் இன்னாப்பா எழுதிக் குடுத்தாங்க?"

"சாப்பாட்டு விஷயம்மா. கீரை நெறைய சாப்டணுமாம்."

"அய்யே, கீரையா!" என்று முகத்தைச் சுளித்தாள்.

மறுநாள் காலையில் நான் மண்டிக்குப் போய் இரண்டு கட்டு மேத்தி, அதாவது வெந்தயக் கீரை, வாங்கி வந்தேன்.

அன்று மதியம் அந்தக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தபோது செல்வி கண் இருட்டுகிறது என்றாள். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். வலிப்பு. என் வண்டியிலேயே கொண்டுபோனேன். வயிற்றை அறுத்துக் கவிதாவை எடுத்தார்கள். செல்வி கண் திறக்கவில்லை.

சிஸ்டர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். "சீட்டைப் படிக்கலியா அண்ணாச்சி?" என்று என் இரண்டு தோளையும் பிடித்துக் கேட்டார். ஊரில் யாரிடமும் சொல்லாததை அன்று சொன்னேன். "எனக்குப் படிக்கத் தெரியாது, சிஸ்டர்."

அவர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் இறக்கும்வரை அது அவளுக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு சிஸ்டர் யாருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்ததில்லை. எதையும் வாயால், எல்லோர் முன்னாலும், உரக்கச் சொன்னார். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். "என்ன சொன்னேன், சொல்லு பாப்போம்" என்று உங்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைபோல நிற்க வைத்துக் கேட்டாரே, அது அதனால்தான்.

அந்தச் சீட்டை நான் யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. ஒரு தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அந்த டப்பா என் கண்ணில் பட்டது. சிஸ்டரிடம் போனேன். "எனக்குப் படிக்கச் சொல்லிக் குடுங்க."

"இந்த வயசுல எதுக்கு அண்ணாச்சி?"

"பேத்திக்கு ஒரு புள்ள வரும். யாராவது ஒரு சீட்டு குடுப்பாங்க."

அடுத்த வாரம் அவர் ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கி வைத்திருந்தார்.

ஒன்றரை வருடம் அவர் வீட்டுக்குப் போய்ப் படித்தேன். அந்த மாதிரி சந்தோஷத்தை நான் கண்டதில்லை. பூனாவில் தமிழ் எழுத்து எங்கே இருக்கிறது? கோயில் பலகை, தினக் காலண்டர், அப்பளப் பாக்கெட். ஒரு நாள் அப்பளப் பாக்கெட்டை முழுவதும் படித்து முடித்து சிஸ்டருக்குப் போன் செய்தேன். "உளுந்து மாவு, உப்பு, பெருங்காயம், சிஸ்டர்!"

"சரி, பொரிச்சுத் தின்னுங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

கவிதா உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த வாரம், டப்பாவைத் திறந்து சீட்டை எடுத்தேன். அங்கேயே படிக்கவில்லை. சிஸ்டர் வீட்டுக்கு எடுத்துப் போய், அவர் எதிரில் உட்கார்ந்து, விரல் வைத்துப் படித்தேன். மடித்த இடமெல்லாம் நைந்திருந்தது.

'கையில் நீர் வீக்கம். பிரஷர் பார்க்கவேண்டும். செல்வியை நாளை காலை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவும்.'

'நாளை' என்ற இடத்தில் என் விரல் நின்றது. தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடி கூட்டினேன். நாளைதான்.

"நாளைன்னுதான் எழுதினேன், அண்ணாச்சி" என்றார் சிஸ்டர். "நல்ல நாளைக் கெடுக்க வேண்டாம்னு நெனச்சேன். எல்லாரும் சிரிச்சிக்கிட்டு இருந்தாவ. ஒரு ராத்திரிதானேன்னு நெனச்சேன்."

"காலையிலன்னு இருந்துச்சே. மதியம்தான் வந்துச்சு. நான் படிச்சிருந்தா..."

"நான் இன்னைக்குன்னு வாயைத் தொறந்து சொல்லியிருந்தா..."

இருபத்து மூன்று வருடம் அவர் என் குற்றத்தை மறைத்தார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தன் குற்றத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் ஒவ்வொரு வளைகாப்பு வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றியிருக்கிறார்.

"நீங்க கடைசியில எதை எடுத்துப் படிப்பீயன்னு எனக்குத் தெரியும்" என்றார். "தெரிஞ்சுதான் சொல்லிக் குடுத்தேன்."

பிறகு பேனாவை எடுத்து, தன் எழுத்தில் இருந்த 'நாளை காலை'யை அடித்தார். பேனாவை என்னிடம் நீட்டினார். அதற்கு மேலே நான் என் கோணல் எழுத்தில் 'இன்றே' என்று எழுதினேன். எழுதி முடிக்கிறவரை அவர் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டரின் தகனத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். சாகணிலிருந்து ஒரு டெம்போ நிறையப் பெண்கள் வந்தார்கள். அவர்களில் பலருக்குச் சிஸ்டரின் முழுப்பெயர்கூடத் தெரியாது. மாரடைப்பு என்றார்கள். ஊரார் கையில் எல்லாம் பிரஷர் பட்டையைக் கட்டியவர் தன் கையில் ஒரு நாளும் கட்டி நான் பார்த்ததில்லை.

அன்று மாலையிலிருந்து நான் கவிதாவுக்குத் தினமும் போன் செய்தேன். "வளையல் ஓடுதாம்மா?"

"முழங்கை வரைக்கும் ஓடுது தாத்தா."

நாலைந்து நாள் அப்படியே போயிற்று. ஒரு நாள், "காலையில ஓடுது, சாயங்காலம் கொஞ்சம் டைட்டா இருக்கு. வெயில் தாத்தா, எல்லாருக்கும் வீங்கும்" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். அடுத்த தேதி பத்து நாள் தள்ளி இருக்கிறது, நடுவில் வளைகாப்பு வருகிறது என்றாள். மறுநாள் கேட்டேன். "ஓடுது தாத்தா. டென்ஷன் எடுக்காதீங்க" என்று சட்டென்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் அவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. கீரை என்று நானும் அப்படித்தான் சட்டென்று சொன்னேன்.

வளைகாப்பு கசார்வாடியில், அவள் புகுந்த வீட்டின் மொட்டைமாடியில். பந்தல், நாற்காலி, பாட்டு. ஆண்கள் ஒதுக்கமாக உட்கார்ந்திருந்தோம். கவிதா பச்சைப் பட்டுச் சேலையில் செல்விபோலவே இருந்தாள். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. பெண்கள் வளையல் போட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்குள்ளிருந்து சம்பந்தியம்மாவின் குரல் வந்தது.

"அடியே, கொஞ்சம் சோப்புத் தண்ணி கொண்டாங்க."

நான் எழுந்துவிட்டேன். பெண்கள் கூட்டத்துக்குள் போய்க் கவிதாவின் கையைப் பிடித்தேன். மூன்று வளையல்கள் மணிக்கட்டில் பதிந்து நின்றன. தள்ளினேன். அசையவில்லை. விரலால் அழுத்திய இடம் குழியாகவே இருந்தது. "தலை வலிக்குதாம்மா?" என்றேன். அவள் குனிந்துகொண்டாள். "நேத்துலருந்து. ஃபங்ஷன் முடிஞ்சு சொல்லலாம்னு..."

எனக்குத் தெரிந்த அளவுக்கு உரக்கச் சொன்னேன். "கை வீங்கியிருக்கு. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

"இன்னா மாமா இது?" என்றார் சம்பந்தியம்மா. "பாதி வளையல் போட்டுட்டு எழுப்பறதா? அந்த சிஸ்டர் போயும் அவங்க வாய் போகலியா? நாளைக்குக் காலையில நானே கூட்டினு போறேன்."

"அவ அம்மாவையும் நாளைக்குத்தான் கூட்டினு போறதா இருந்துச்சு" என்றேன்.

அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. அவரே கவிதாவைக் கைத்தாங்கலாக எழுப்பினார். அதை நான் மறக்க மாட்டேன். மாலையும் சந்தனமுமாக அவளை ரிக்‌ஷாவில் ஏற்றினோம். நான் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன். வழி முழுக்கப் பின்னால் வளையல் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ் இரண்டாம் முறையும் பார்த்தார். அப்புறம் ஓடினார். ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்று வளையல்களைத் துணி சுற்றி உடைத்தார்கள். வளையல் உடைகிற சத்தத்துக்குச் சம்பந்தியம்மா காதைப் பொத்திக்கொண்டார். இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார் டாக்டர். அன்று மாலையே குழந்தையை எடுத்தார்கள்.

இந்தக் கடைசிப் பக்கத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில், முழங்காலில் நோட்டை வைத்து எழுதுகிறேன். கவிதா பிழைத்துவிட்டாள். பிரஷர் இன்னும் முழுதாக இறங்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கிறார்கள். குழந்தை பெண். எடை குறைவு. கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. மணிக்கட்டு என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. அதில் ஒரு பட்டை கட்டி, தாயின் பெயரை எழுதியிருக்கிறார்கள். மராட்டி எழுத்து. எனக்கு அது படிக்கத் தெரியாது. பக்கத்தில் நின்ற நர்ஸிடம், "எனக்கு மராட்டி படிக்கத் தெரியாது, படிச்சுச் சொல்லும்மா" என்று கேட்டேன். இப்படிக் கேட்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

சிஸ்டரின் துணிப் பையைச் சங்கத்தில் வைக்கலாம் என்கிறீர்கள். வைக்க வேண்டாம், சாகணுக்குப் போகிற ஒரு நர்ஸுக்குக் கொடுங்கள். என்னிடம் அவருடையது என்று இருப்பது ஒரே ஒரு காலண்டர் தாள். அதில் அடித்தது அவர், மேலே எழுதியது நான். சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன்.

சற்று முன் இளைய டாக்டர் ஒருவர் வந்து, குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை, நாளைக் காலையில் பெரிய டாக்டர் வந்து பார்ப்பார் என்று சொல்லிவிட்டுப் போகிறார். நோட்டை மூடிவிட்டு எழுந்திருக்கிறேன். அவர் படி இறங்குவதற்குள் பிடிக்கவேண்டும்.